ஏலக்காரருக்கு எதற்கு நினைவுக் கூட்டம் என்று கேட்டவருக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் வாழைத்தார் ஏலம் விட்டுவந்த மாமா இறந்துபோனார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கான அழைப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வந்த அந்தக் கமெண்ட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “ஏலம் விட்டவருக்கெல்லாம் நினைவேந்தலா? நாளைக்கு எடை போட்டவருக்கும் கூட்டம் போடுவீங்களா?” கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போடுவோம். எடையை ஒழுங்காகப் போட்டவராக இருந்தால் அவருக்கும் கட்டாயம் போடுவோம்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டு வாழைத்தார் அந்த மனிதர் குரலில்தான் விலை போனது. அந்தக் காசில் படித்து வேலைக்குப் போனவர்கள்தான் இன்றைக்கு உட்கார்ந்து சிரிக்கிறார்கள். மனசு பொறுக்கவில்லை.

ஏலம் விடுவது என்றால் சத்தம் போடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் கோபி, சத்தி பக்கம் வாழை வைத்தவர்களைக் கேளுங்கள். மஞ்சளாவது மூட்டை பிடித்து வைக்கலாம், விலை வரும்வரை காத்திருக்கலாம். தார் வெட்டியவர் அன்றைக்கே விற்றாக வேண்டும். இது வியாபாரிக்கும் தெரியும். தோட்டத்துக்கே வந்து மொத்தமாகப் பேசுகிறவர் சொன்னதுதான் விலை. பக்கத்துத் தோட்டத்துத் தார் என்ன விலைக்குப் போனது என்றுகூட நமக்குத் தெரியாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று பக்கத்தில் நிற்பவருக்கும் புரியாது. ஏலக்களத்தில் அப்படி இல்லை. தாருக்குச் சொந்தக்காரர் அங்கேயே நிற்கிறார். யார் எவ்வளவு கேட்கிறார் என்று அவர் காதிலேயே விழுகிறது.

ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘ரெண்டு தரம்’ சொன்ன பிறகு ‘மூணு தரம்’ சொல்லும்வரை உள்ள அந்த ஒரு மூச்சு நேரம் முழுக்க ஏலக்காரர் கையில். வேண்டிய வியாபாரிக்காகச் சட்டென்று முடித்துவிட்டால் விவசாயிக்குத்தான் நஷ்டம். யாராலும் நிரூபிக்க முடியாது. மாமா ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். அவர் அவசரப்படவில்லை.

(மாமா என்பது ஊர் முறைக்குச் சொல்வது. எங்களுக்குள் சொந்தம் கிடையாது. ‘சொந்தக்காரருக்காக வக்காலத்து’ என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

நான் காலேஜ் சேர்ந்த வருஷம் சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் எங்கள் நேந்திரன் வாழை பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. விழுந்த மரத்துத் தாரை எல்லாம் வெட்டி ஏலத்துக்குக் கொண்டுபோனோம். அப்பா ஓரமாகத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாமா ஒவ்வொரு தாரையும் திருப்பி, கடைசிச் சீப்புக் காயின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் முற்றிய காய், கூராக இருந்தால் இன்னும் நாள் போகவேண்டிய காய். கூராக இருந்ததை எல்லாம் தனியாகப் பிரித்து வைத்தார். “இது பழுக்கப் போட ஆகாதுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன். சிப்ஸுக்கு, கறிக்குத்தான்” என்று எங்கள் காயின் குறையை எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

பிரித்து வைத்த காய்க்கு ஏலக் கேள்வி கிலோ 6 ரூபாயில் நின்றது. ரெண்டு தரம் சொன்னார். அப்புறம் நிறுத்திவிட்டார். வாழைக்கறை ஏறிக் கறுத்துப்போன சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். “கேரளாவுக்குச் சிப்ஸ் போடறக்கு அனுப்பறப்ப, காத்துல விழுந்த காய்னு சொல்லியா விக்கறீங்க? குறையை நான் சொல்லிட்டேன், விலையை நீங்க சொல்லுங்க.” யாரோ 7 என்றார். இன்னொருவர் 8. கடைசியில் 9 ரூபாய்க்கு மூணு தரம் சொன்னார். முற்றிய தார்கள் அதற்கும் மேலே போயின. எனக்கு முதல் தவணை ஃபீஸ் அந்தப் பணத்தில்தான் கட்டினார்கள். இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

‘அவர் சம்பளத்துக்குத்தானே செய்தார்’ என்கிறார்கள். ஆமாம், வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? வாத்தியாருக்கும் டாக்டருக்கும்கூடச் சம்பளம் உண்டு. அவர்களுக்குக் கூட்டம் போட்டால் யாரும் சிரிப்பதில்லை.

‘இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், ஏலக்காரரே தேவையில்லை’ என்று இன்னொருவர். சரி, இதில் நியாயம் உண்டு. ஈரோட்டில் மஞ்சளுக்கு மறைமுக ஏலம்தான் நடக்கிறது. மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் விலையைக் குறித்துக் கொடுக்கிறார்கள், அதிக விலை கேட்டவருக்குப் போகிறது, விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி விற்க வேண்டாம். 2016இல் இ-நாம் என்கிற தேசிய ஆன்லைன் வேளாண் சந்தை வந்த பிறகு வெளியூரில் இருந்தும் விலை கேட்கலாம். இதெல்லாம் நல்லதுதான், நான் எதிரி இல்லை. ஆனால் நாளைக்கு மிஷின் வரப்போகிறது என்பதற்காக, நேற்றுவரை தொண்டை கிழிய நின்றவருக்கு நன்றி சொல்லக் கூடாதா?

‘கோபக்காரர்.’ கோபக்காரர்தான். அதனால் என்ன?

‘வேண்டப்பட்டவர் தாருக்கு நல்ல விலை வைத்தார்’ என்று ஒருவர் மறைமுகமாக எழுதியிருக்கிறார். ஆதாரம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். விலை சொல்லும்போது மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

அடுத்தது கோயில் ஏலம். பொங்கல் முடிந்து சாமிக்கு வந்த சேலை, தேங்காய், இளநீர் எல்லாம் ஏலத்துக்கு வரும்போது கூப்பிடாமலே வந்து நிற்பார். காசு வாங்கமாட்டார். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்று பேச்சு வந்த வருஷம் ஒற்றைத் தேங்காயைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டார். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுத் தேங்காயைத் திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். சிரித்துக்கொண்டே எல்லோரும் பையை அவிழ்த்தார்கள். அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. அந்தச் சுவரில்தான் தேர்தலுக்குத் தேர்தல் சின்னம் வரைகிறார்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போகிறவர்களில் அவர் ஒருவர். கண் தானம் கேட்கத்தான் போவார். இறந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும், அழுது முடிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. களத்தில் அத்தனை பேரை அதட்டிய குரல் அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கிவிடும். “முகம் மாறாதுங்க, நான் பொறுப்பு” என்பார். சம்மதித்துவிட்டால் மின்விசிறியை நிறுத்துவார், தலைக்கு ஒரு தலையணை வைத்து உயர்த்துவார், மூடிய இமைமேல் ஈரப் பஞ்சை வைப்பார், கண் வங்கிக்குப் போன் போடுவார். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, புரை ஆபரேஷன் செய்தவர்கூடக் கொடுக்கலாம் என்று எங்கள் ஊருக்குச் சொன்னவர் அவர்தான். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம் வரும்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசுவார். அவரை ‘பொணத்துக்கு ஏலம் விட வந்துட்டான்’ என்று வாசலிலேயே திட்டி அனுப்பிய வீடுகளும் இருக்கின்றன. மறுபடி அதே வீட்டில் ஒருவர் இறந்தபோதும் போனார்.

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இறந்தபோது என்னிடம்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அப்போதும் அவர் அவசரப்படவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்து சரி என்ற பிறகுதான் எழுந்தார்.

எம்.எல்.ஏ. வீட்டுக் காதுகுத்துக்கு ரோட்டை மறைத்து ஃபிளெக்ஸ் வைத்தால் அது மரியாதை. இவருக்கு ஒரு ஷாமியானா போட்டு ஐம்பது நாற்காலி வைத்தால் சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? அவர் வீட்டில் படம் மாட்டியிருக்கிற சுவருக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

அவர் கண்ணையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். மாமாவின் மனைவி, எங்கள் அத்தைதான் கண் வங்கிக்குப் போன் போட்டார், அழுதுகொண்டே, அந்த 6 மணி நேரத்துக்குள். ஈரப் பஞ்சை வைத்ததும் அத்தைதான்.

கமெண்ட்டை நீக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. அவர் மகள் அதைப் படித்தாகிவிட்டது, இனி நீக்கி என்ன ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய், நீங்கள் குழுவில் கேட்ட அதே கேள்வியை அத்தையிடம் நேராகக் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.