கிராங்க்கை மட்டும் மாற்றினால் போதாது
எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டுவது பற்றிய கட்டுரை, அதிக ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) உள்ள கிராங்க் ஷாஃப்ட்டைப் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பொருத்தினால் சிசி கூடும் என்பதோடு நின்றுவிடுவது எனக்குக் கவலை தருகிறது. மிட்சுபிஷியின் 4ஜி63 எஞ்சினையே பார்ப்போம். 85 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 88 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட அதில், அதே குடும்பத்தைச் சேர்ந்த 4ஜி64 எஞ்சினின் 100 மி.மீ. கிராங்க்கைப் போட்டால் கொள்ளளவு 1,997 சிசியிலிருந்து ஏறத்தாழ 2,270 சிசியாக உயரும். ஆனால் பிஸ்டன் மேலே 6 மி.மீ. கூடுதலாக ஏறும் என்பதால், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் பழைய 150 மி.மீ. கனெக்டிங் ராடையே வைத்துக்கொண்டால், பிஸ்டனை ராடுடன் பிணைக்கும் ஊசியின் (பிஸ்டன் பின்) மையத்திலிருந்து தலைப்பரப்பு வரை 35-க்குப் பதில் 29 மி.மீ. உயரமுள்ள பிஸ்டன்தான் தேவை. அந்த 6 மி.மீ. குறைவதால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கான இடமும் சுருங்குகிறது.

ராட் நீளத்துக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 1.70-இலிருந்து 1.50-ஆக இறங்குவதால் சிலிண்டர் சுவரில் பக்கவாட்டு அழுத்தம் கூடும். 7,500 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகமும் நொடிக்கு 22 மீட்டரிலிருந்து 25 மீட்டராகிவிடும். ஆகவே பழைய ரெட்லைனை (எஞ்சின் சுழல அனுமதிக்கப்படும் உச்ச வேகம்) அப்படியே வைத்துக்கொள்வது தவறு என்றே கருதுகிறேன். எஞ்சினை இறுதியாகப் பூட்டுமுன், ராட் போல்ட்டுகள் பிளாக்கின் அடிப்பகுதியில் உரசுகின்றனவா என்று கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பதையும், புதிய பிஸ்டன், ராட் எடைகளுக்கேற்ப கிராங்க்கை பேலன்ஸ் செய்வதையும் கட்டுரையாளர் அவசியம் சேர்க்க வேண்டும்.