டிரிப் ஆகிறது என்றால் ஆர்சிசிபியையே விலக்கிவிடுவதா?

கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து (டிரிப் ஆகி) லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்தான் ஆர்சிசிபி. நேற்று ராத்திரி போர்டில் அதன் ‘டி’ பட்டனை, அதாவது டெஸ்ட் பட்டனை, அழுத்தினேன். வீடு இருண்டது, ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் அடங்கியது. மீன் தொட்டிகள் வைத்திருக்கிற ராக்கில் மட்டும் ஆறு ஹீட்டரின் சிவப்பு விளக்கும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன! ஆர்சிசிபி விழுந்த பிறகும் ஒரு லைனில் கரண்ட் ஓடுகிறது என்றால் என்ன அர்த்தம்? ஒரு வாரமாக அந்தத் தொட்டிகளில்தான் முழங்கை வரை கையை விட்டு அழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காலையில் மூன்றாவது தொட்டியில் விரல் நுனி சுருக்கென்றது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது, அவ்வளவுதான் நான் பிழைத்த காரணம்.

கொளத்தூரில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறவர்களுக்கு மார்கழியைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். ராத்திரி 21 டிகிரிக்கு இறங்கினால் குஞ்சுகள் அடியில் போய் ஒடுங்கிவிடும், 28 இருந்தால்தான் தின்னும். அதற்காகத்தான் இந்த லைன். லைன் போட வந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் முதலிலேயே சொன்னேன்: ஹீட்டருக்கு ரெண்டே பின்தான், எர்த் கிடையாது, அதனால் இரும்பு ராக்குக்கே எர்த் கொடு, ஆர்சிசிபி வழியாகத்தான் லைன் வரணும், வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறணும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் கீழேயே சொட்டும், பிளக்குக்குள் போகாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

லைன் போட்டு ஆறு ஹீட்டரையும் ஆன் பண்ணினான். டப். தூக்கிவிட்டான், மறுபடியும் டப். ஒவ்வொரு ஹீட்டராகக் கழற்றிப் பார் தம்பி, எதைக் கழற்றினால் நிற்கிறதோ அதில்தான் லீக் என்றேன். அதெல்லாம் ஒன்றும் இல்லையாம். “எர்த் கொடுத்ததாலதான்க்கா இழுக்குது” என்று ராக்கில் மாட்டின பச்சை வயரை வெட்டி டேப் சுற்றினான். கொஞ்ச நேரம் நின்றது. தரை ஈரமானதும் திரும்ப டப். “உங்க ஆர்சிசிபி வீக்குக்கா, பத்து நிமிஷம் குடுங்க” என்றான். நான் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் எல்லாம் எரிகிறது. “இனிமே டிரிப்பே ஆகாதுக்கா” என்றான். 800 ரூபாய் கொடுத்து டீயும் கொடுத்து அனுப்பினேன்.

இன்று காலை மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்தேன். ஆர்சிசிபிக்கு முன்னாலேயே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் எடுத்து நேராக ஒரு 16 ஆம்பியர் எம்சிபிக்குக் கொடுத்திருக்கிறான். கையால் முறுக்கின ஜாயின்ட், மேலே கறுப்பு டேப், அதுவும் ஒரு ஓரம் பிரிந்து செம்பு தெரிகிறது. எம்சிபி இருக்கிறதே என்று யாரும் சொல்லாதீர்கள். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். 100 வாட் ஹீட்டர் ஆறும் சேர்ந்தே 2.6 ஆம்பியர்தான் எடுக்கும். ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளேயே விழுந்துவிடும், இந்த எம்சிபிக்கு அதைப்போல 500 மடங்கு போனாலும் ஒன்றும் தெரியாது. ஆள் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும்.

அப்புறம் மூன்றாவது தொட்டி ஹீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ரப்பர் மூடிக்குக் கீழே தலைமுடி மாதிரி ஒரு விரிசல், கண்ணாடிக்கு உள்பக்கம் பொடிப்பொடியாக வியர்வைபோல நீர்த்துளி. அந்தத் துளிகளைப் பார்த்ததும் வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. ஆர்சிசிபி பொய் சொல்லவே இல்லை! தண்ணீரில் கரண்ட் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் விரலை விடுகிற பையன் இருக்கிற வீடு இது. அவன் செருப்பும் போட மாட்டான்.

போன் பண்ணினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “மீன் எதுவும் செத்துச்சாக்கா?” என்றான். இல்லை என்றேன். “அப்புறம் என்னக்கா?”

என்ன பதில் சொல்வது? கட் பண்ணிவிட்டேன். இன்று ராத்திரி ராக்குக்கு கரண்டே கிடையாது, தொட்டிகளைச் சுற்றித் தெர்மாகோல் வைத்து, பாட்டிலில் வெந்நீர் நிரப்பி மிதக்க விட்டிருக்கிறேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மாற்ற வேண்டும். வேறு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் தெருவுக்குள் வண்டி வராது, பள்ளத்தை மூடட்டும் வருகிறேன் என்கிறார். கால்வாய்க்கென்று வெட்டின பள்ளம் அது, மூன்று மாதமாக அப்படியே கிடக்கிறது, மேலே ஒரு பலகைகூடப் போடவில்லை.