நிக் துடைத்த சொல்

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் கடைசி அத்தியாயத்தில், எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன விஷயம் நடக்கிறது. கேட்ஸ்பியைப் புதைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனும் கதைசொல்லியுமான நிக் கேரவே பெட்டியைக் கட்டிவிட்டான். காரை மளிகைக்கடைக்காரருக்கு விற்றுவிட்டான். ஊரை விட்டுப் போவதற்கு முந்தின இரவு, ஆளில்லாத அந்த மாளிகையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவரப் போகிறான். வெள்ளைப் படிக்கட்டில் யாரோ ஒரு பையன் செங்கல் துண்டால் கெட்ட வார்த்தை ஒன்றைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். நிலா வெளிச்சத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. நிக் ஷூவைக் கல்லில் கரகரவென்று தேய்த்து அதை அழிக்கிறான். அதற்குப் பிறகுதான் கடற்கரை மணலில் போய்ச் சாய்கிறான். பச்சை விளக்கு, டச்சு மாலுமிகள், எதிர்நீச்சல் போடும் படகுகள் என்று பலர் மனப்பாடமாகச் சொல்லும் அந்த முடிவு வருகிறது.

எல்லோரும் படகுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஷூவைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். கல்லூரியில் முதல்முறை. எங்களிடம் புழங்கிய வழிகாட்டி நூல், நிக் நேர்மையான பார்வையாளன் என்றது. தேர்வில் அதையே எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. இரண்டாம் முறை படித்தபோது எனக்கு விமர்சனக் கலைச்சொற்கள் பழகியிருந்தன. 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று 1961-இல் விமர்சகர் வேய்ன் பூத் வைத்த பெயர் கையில் இருந்ததால், நிக் ஒரு பொய்யன் என்று நண்பர்களிடம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சென்ற மாதம் மூன்றாம் முறை முடித்தேன். இரண்டுமே தவறு என்று இப்போது படுகிறது. நிக் பொய் சொல்வதில்லை. துடைக்கிறான். துடைத்த இடத்தை நமக்குக் காட்டவும் செய்கிறான்.

முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரையாவது குறைசொல்லத் தோன்றினால், உனக்குக் கிடைத்த வசதிகள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதை நினைத்துக்கொள் என்று அப்பா சொன்ன அறிவுரையோடு தொடங்குகிறான். அதனால் தான் யாரையும் எடைபோடுவதில்லை என்கிறான். ஆனால் ஒரு பக்கம் தாண்டுவதற்குள், தான் வெறுக்கிற எல்லாவற்றின் உருவமாகவும் இருந்தவன் கேட்ஸ்பி என்கிறான். அவனுக்கு மட்டும் விலக்கு என்றும் சேர்த்துக்கொள்கிறான். எடைபோடாத ஆள் விலக்குக் கொடுப்பது எப்படி? தராசு கையில் இருப்பவனுக்குத்தானே அந்த அதிகாரம்?

மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரி இன்னும் வேடிக்கை. தனக்குத் தெரிந்த நேர்மையான ஆட்கள் மிகச் சிலரே, அவர்களில் தானும் ஒருவன் என்று நிக் அறிவிக்கிறான். அந்த வரிக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது? ஊரில் ஒரு பெண்ணுக்கு வாரம் ஒரு கடிதம், 'அன்புடன் நிக்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறான். இங்கே ஜோர்டன் பேக்கர் என்ற கோல்ஃப் வீராங்கனையோடு சுற்றுகிறான். போட்டியில் பந்தைத் தள்ளிவைத்தாள் என்ற புகார் அவள்மேல் உண்டு. அவள் திருத்த முடியாத பொய்க்காரி என்று சொல்லிவிட்டு, பெண்ணிடம் இருக்கும் பொய்மையை யாரும் பெரிதாகக் குற்றம் சொல்வதில்லை என்று பெருந்தன்மை காட்டுகிறான். நேர்மை பற்றிய பிரகடனம் இந்தக் குப்பைக்கு நடுவில் நிற்கிறது. இது ஃபிட்ஸ்ஜெரால்டுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. கடைசி அத்தியாயத்தில் ஜோர்டனே நிக்கின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்: நீ நேர்மையானவன் என்று நினைத்தேன், அதுதான் உன் ரகசியக் கர்வம் என்றும் நினைத்தேன். நாவல் முழுவதிலும் நிக்கைச் சரியாகப் படித்தவள் அந்தப் 'பொய்க்காரி' ஒருத்திதான்.

இன்னொரு துடைப்பு இரண்டாம் அத்தியாயத்தில். டாம் புக்கானன் தன் காதலி மிர்ட்டிலுக்காக நியூயார்க்கில் வைத்திருக்கும் சிறு வீட்டில் குடி விருந்து. கீழ்வீட்டுப் புகைப்படக்காரர் மெக்கீயின் கன்னத்தில் முகம் மழித்த சோப்பு நுரை ஒரு பொட்டாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது மத்தியானம் முழுக்க நிக்கை உறுத்துகிறது. மெக்கீ நாற்காலியிலேயே தூங்கிப்போன பிறகு, கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிடுகிறான். சற்று நேரத்தில் டாம் திறந்த கையால் சட்டென்று அடித்து மிர்ட்டிலின் மூக்கை உடைக்கிறான். குளியலறைத் தரையெல்லாம் ரத்தம் தோய்ந்த துவாலைகள். நிக் என்ன செய்கிறான்? தொப்பியை எடுத்துக்கொண்டு மெக்கீயின் பின்னால் வெளியேறுகிறான். அதற்குப் பிறகு சில புள்ளிகள். அடுத்த வரியில் மெக்கீ உள்ளாடையோடு படுக்கையில் உட்கார்ந்து தன் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறார், நிக் கட்டிலருகே நிற்கிறான். மறுபடி புள்ளிகள். பிறகு ரயில் நிலையம், விடிகாலை நான்கு மணி வண்டி. அந்தப் புள்ளிகளுக்குள் என்ன நடந்தது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. சோப்பு நுரை உறுத்திய மனிதனை ரத்தம் உறுத்தவில்லை என்பதுதான் என்னை நிறுத்திவைக்கிறது. அவனுக்குத் தாங்க முடியாதது அழுக்கு. வன்முறையைத் தாங்கிக்கொள்வான்.

கேட்ஸ்பியின் தொழில் விஷயத்துக்கு வருவோம். நிக் நியூயார்க்கில் கடன்பத்திரத் தொழில் கற்க வந்தவன். மாதம் எண்பது டாலர் வாடகைக்கு வெஸ்ட் எக்கில் குடியிருக்கிறான். கேட்ஸ்பியின் பழைய காதலியும் டாமின் மனைவியுமான டெய்ஸியைத் தேநீருக்கு அழைத்துத் தருவதற்குக் கைம்மாறாக ஒரு 'சின்ன வியாபாரம்' தருவதாக கேட்ஸ்பி சொல்லும்போது நிக் மறுக்கிறான். ஆனால் அழைப்பை மறுக்கவில்லை. கேட்ஸ்பி இறந்த பிறகு சிகாகோவிலிருந்து ஒரு தொலைபேசி வருகிறது. எடுத்தது யார் என்று தெரியாமல், கடன்பத்திரங்களை நீட்டும்போது நம் பையன் மாட்டிக்கொண்டான் என்று ஒரு குரல் கொட்டுகிறது. நிக் அதே தொழிலில் இருப்பவன். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கருத்து வராது. கேட்ஸ்பி செத்துவிட்டார் என்கிறான், இணைப்பு அறுகிறது, அடுத்த பத்தியில் கேட்ஸ்பியின் அப்பா வருகிறார். நம் கண்ணில் நீர் வரவைக்கும் கிழவர். திருட்டுப் பத்திரம் போன இடம் தெரியவில்லை. ஆனால் அந்த அழைப்பு புத்தகத்தில் இருக்கிறது. முழுக்க மறைக்க நினைத்தவன் அதை எழுதியே இருக்க மாட்டான்.

மிர்ட்டில் கேட்ஸ்பியின் காரில் அடிபட்டுச் செத்த இரவு எனக்கு நாவலின் மையம். புதருக்குள்ளிருந்து வெளிப்படும் கேட்ஸ்பி, அவள் செத்துவிட்டாளா என்று கேட்கிறான். அப்படித்தான் நினைத்தேன் என்கிறான். அவன் கவலையெல்லாம் டெய்ஸி அதை எப்படித் தாங்கிக்கொண்டாள் என்பதுதான். அந்த நேரத்தில் தனக்கு அவன்மேல் மிகுந்த வெறுப்பு என்று நிக் எழுதுகிறான். காரை ஓட்டியது டெய்ஸி என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியவருகிறது. விடிகிறது. காலை உணவு முடித்துப் புறப்படும்போது புல்வெளியைத் தாண்டித் திரும்பிக் கத்துகிறான்: அவர்கள் அழுகிய கும்பல், அவர்கள் அத்தனை பேரையும் சேர்த்தாலும் உனக்கு ஈடாக மாட்டார்கள். தான் அவனுக்குச் சொன்ன ஒரே பாராட்டு அதுதான், தொடக்கம் முதல் முடிவு வரை அவனை ஏற்காதவன் நான் என்றும் எழுதுகிறான். ஓர் இரவுக்குள் வெறுப்பு பாராட்டானது. நடுவில் செத்துக் கிடந்த பெண் எங்கே போனாள்? மார்பு கிழிந்த அந்த உடலை விவரிப்பதில் நிக் தயங்கவில்லை. அவள் சாவுக்கான கணக்கைத்தான் யாரிடமும் கேட்கவில்லை.

காரை ஓட்டியது கேட்ஸ்பி என்று நம்பிய மிர்ட்டிலின் கணவன் வில்சன் அவனைச் சுட்டுக் கொன்று தானும் சாகிறான். பிறகு மரண விசாரணை. மிர்ட்டிலின் தங்கை கேத்தரின் உண்மையை மென்று விழுங்கி, அக்காவுக்கும் கேட்ஸ்பிக்கும் பழக்கமே இல்லை, அவள் கணவனோடு மகிழ்ச்சியாக இருந்தாள் என்று சத்தியம் செய்கிறாள். அவளுடைய மன உறுதியை நிக் மெச்சுகிறான். வழக்கு எளிதாக முடிவதற்காக வில்சன் துயரத்தில் புத்தி கலங்கியவனாகக் குறுக்கப்பட்டான் என்று கசப்போடு எழுதுகிறான். நியாயமான கசப்பு. ஆனால் ஓட்டியது யார் என்று அறிந்த இவன் அங்கே வாய் திறந்ததாக எங்கும் இல்லை. இலையுதிர்காலத்தில் ஐந்தாம் அவென்யூவில் டாமைச் சந்திக்கும்போதும், காரை ஓட்டியவன் கேட்ஸ்பி என்று டாம் நம்பிப் பேசுகிறான். அது உண்மையல்ல என்பதைத் தவிரச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அதுவோ சொல்ல முடியாதது என்கிறான் நிக். டாமும் டெய்ஸியும் எல்லாவற்றையும் உடைத்துப்போட்டுவிட்டுப் பணத்துக்குள் ஒளிந்துகொள்பவர்கள், குப்பையை மற்றவர்கள் கூட்டட்டும் என்று விட்டுவிடுபவர்கள் என்ற புகழ்பெற்ற வரி அங்கேதான் வருகிறது. எழுதிவிட்டு டாமின் கையைக் குலுக்குகிறான். கூட்டிப் பெருக்கியவர்களில் முதல் ஆள் அவன்தான். டெய்ஸி அவனுக்கு உறவுக்காரி என்பதை மறக்க வேண்டாம்.

டெய்ஸிக்கு நடந்தது இன்னும் மோசம். அவள் ஒருமுறை மனம் திறக்கிறாள். மகள் பிறந்தபோது டாம் எங்கே இருந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை என்றும், பெண்ணாகப் பிறந்தவள் முட்டாளாக, அழகான சின்ன முட்டாளாக இருப்பதே நல்லது என்றும் நிக்கிடம் சொல்கிறாள். அவள் பேசி முடித்த கணமே, அதில் அடிப்படையான போலித்தனம் இருந்தது, முழு மாலையும் ஒரு தந்திரம் போலப் பட்டது என்று நிக் எழுதுகிறான். நாமும் நம்பிவிடுகிறோம். மூன்று முறையில் இரண்டு முறை நானும் நம்பினேன். டெய்ஸி கோழை, மிர்ட்டிலை அடித்துப் போட்டுவிட்டு ஓடியவள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் உள்ளத்துக்குப் போகும் ஒரே வாசலில் நிக் நின்றுகொண்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புகிறான். கேட்ஸ்பியின் அளவுமீறிய உணர்ச்சிப் பேச்சுக்கோ, அது அருவருப்பானது என்று தானே ஒப்புக்கொண்ட பிறகும், பல பக்கங்கள் கவிதை எழுதித் தருகிறான்.

கேட்ஸ்பி தெளிவில்லாத பாத்திரம் என்று பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் 1924 நவம்பரில் எழுதினார். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்தான் என்பது தனக்கே தெரிந்திருக்கவில்லை என்று ஃபிட்ஸ்ஜெரால்டு பதில் போட்டார். பிறகு ரோமில் உட்கார்ந்து அச்சுப் படிகளைத் திருத்தி, ஜேம்ஸ் காட்ஸ் என்ற இயற்பெயரோடு வடக்கு டக்கோட்டா ஏழைப் பையனாக இருந்த கேட்ஸ்பி, சொகுசுப் படகில் வந்த கோடீஸ்வரன் டான் கோடியிடம் சேர்ந்த கதையை முன்னுக்குக் கொண்டுவந்தார். 1925 ஏப்ரலில் புத்தகம் வந்தது. திருத்திய பிறகும் கேட்ஸ்பியின் முகம் நமக்குத் தெரிவதில்லை. அவன் புன்னகைதான் தெரிகிறது. அது நம்மை முழுமையாகப் புரிந்துகொண்ட புன்னகை என்பதும் நிக் சொல்லித்தான். அந்த மங்கலைக் குறை என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். துடைத்துத் துடைத்துத் தேய்ந்த கண்ணாடியில் முகம் மங்கலாகத்தான் தெரியும். (கேட்ஸ்பி எல்லோரையும் அழைக்கும் அந்த 'ஓல்டு ஸ்போர்ட்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். 'நண்பரே' என்றால் மேடைப்பேச்சு, 'தம்பி' என்றால் வேறு கதை. அது அவன் கடன் வாங்கிப் போட்டுக்கொண்ட சட்டை என்பது தெரிய வேண்டும். கைவிட்டுவிட்டேன்.)

எல்லா அழுக்கையும் நிக் துடைப்பதில்லை. தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாத அழுக்கு அப்படியே கிடக்கிறது. வெள்ளையினம் மூழ்கிவிடும் என்று டாம் புலம்பும்போது அவனைக் கேலி செய்கிறான். ஆனால் குவீன்ஸ்பரோ பாலத்தில் வெள்ளைக்கார ஓட்டுநர் ஓட்ட, மிடுக்காக உடுத்திய கறுப்பர்கள் காரில் போவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறான். கேட்ஸ்பியின் தொழில் கூட்டாளியும் யூதருமான வுல்ஃப்ஷைமின் மூக்கைப் பற்றி அவன் எழுதியிருப்பதைப் படிக்க இன்று கூசுகிறது. அந்த இடங்களில் எழுத்தாளர் நிக்கைப் பார்த்துச் சிரிக்கிறாரா, நிக்கோடு சேர்ந்து சிரிக்கிறாரா? சேர்ந்துதான் சிரிக்கிறார் என்பது என் சந்தேகம்.

2013-இல் வந்த திரைப்படம் நிக்கை ஒரு மனநல விடுதியில் உட்காரவைத்து, மருத்துவர் சொல்லி எழுதுவதாகக் காட்டியது. நாவலில் அப்படி எந்தக் காரணமும் இல்லை. தொடக்கத்தில் 'போன இலையுதிர்காலம்' ஊர் திரும்பியதாகச் சொல்பவன், கடைசி அத்தியாயத்தில் 'இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும்' நினைவிருக்கிறது என்கிறான். கவனக்குறைவாக இருக்கலாம். எழுதி முடிக்க அவனுக்கு அவ்வளவு காலம் பிடித்தது என்று எடுத்துக்கொள்ளவே எனக்கு விருப்பம். ஜோர்டனிடம் விடைபெறும் முன், என் குப்பையை அக்கறையற்ற கடல் அடித்துச் செல்லட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை, எல்லாவற்றையும் ஒழுங்குசெய்துவிட்டுப் போக வேண்டும் என்கிறான். ஒழுங்குசெய்கிறவன் எதையெல்லாம் அப்புறப்படுத்தினான் என்பதற்கும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான். கன்னத்து நுரை, சிகாகோ தொலைபேசி, ஐந்தாம் அவென்யூவில் விழுங்கிய உண்மை, படிக்கட்டுச் சொல்.

செங்கல் துண்டால் எழுதிய அந்தப் பையன் கேட்ஸ்பியைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருப்பான்? ஊர் என்ன பேசியதோ அதைத்தான் எழுதியிருப்பான். அந்தச் சொல் என்ன என்று மட்டும் நிக் எழுதவில்லை.