கணக்கில் வராத நான்கு தோட்டாக்கள்

நேற்று கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஈரான் பேச்சு வந்தது. "பேரழிவு ஆயுதம் செய்யப் போறான்னு தெரிஞ்சா முன்னாடியே குண்டு போடறதுல என்னண்ணா தப்பு?" என்றான் கூட வந்த தம்பி. பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டான். அவனுக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது பேரழிவு ஆயுதம்? 1948-ல் ஐ.நா. குழு ஒன்று வரையறுத்தது: அணுகுண்டு, கதிர்வீச்சுப் பொருள் ஆயுதம், உயிரைக் கொல்லும் ரசாயன, உயிரியல் ஆயுதங்கள், இனிமேல் வரப்போகிறவற்றில் அதே அளவு அழிவு தரக்கூடியவை. 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே இரவில் ஏறத்தாழ 1 லட்சம் பேரைக் கொன்ற தீக்குண்டு இதில் இல்லை. ஆனால் 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குக்கர் குண்டு வைத்தவர்மேல் அமெரிக்க அரசு போட்ட வழக்கில் 'பேரழிவு ஆயுதம்' என்ற பிரிவு இருந்தது. அந்தக் குக்கர் செய்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஊரையே எரித்தது சாதாரணக் குண்டு, குக்கர் பேரழிவு ஆயுதம் என்றால், அந்தப் பெயரை மட்டும் நம்பி ஒரு நாட்டின்மேல் எப்படிப் படையெடுப்பது?

2003-ல் இராக்கின்மேல் அமெரிக்கா படையெடுத்தது இந்தப் பெயரைச் சொல்லித்தான். அப்போது இராக்கை ஆண்ட சதாம் உசேன் நல்லவர் என்று நான் சொல்லவே மாட்டேன். 1988-ல் இராக்கிலேயே குர்து மக்கள் வாழும் ஹலப்ஜா ஊரில் விஷவாயு போட்டு 5,000 பேர் அளவுக்குக் கொன்றது அவருடைய படை. அப்போது அதற்காக யாரும் போருக்குப் போகவில்லை. 15 வருஷம் கழித்து அந்தப் பிணங்களைக் காரணமாகக் காட்டினார்கள்.

எங்கள் அப்பா பர்கூர் பக்கம் கிணறு வெட்டும் வேலைக்கு வெடி வைப்பவர். எத்தனை தோட்டா, அதாவது பாறைக்கு வைக்கும் வெடிமருந்துக் குச்சி, வாங்கினோம், எத்தனை போட்டோம் என்று ரிஜிஸ்டரில் எழுதியாக வேண்டும். ஒருமுறை கணக்கில் நான்கு குறைந்தது. போட்டதை வேலையாள் சொல்ல மறந்திருந்தார். சோதனைக்கு வந்த அதிகாரி, "அந்த நாலும் எங்கே? எடுத்துக் காட்டு" என்றார். வெடித்துப்போன தோட்டாவை எங்கிருந்து எடுத்துக் காட்டுவது? அப்பாவுக்குக் கை நடுங்கியது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இராக்கில் நடந்ததும் இதேதான். 1991-ல் தங்களிடம் இருந்த ஆயுதங்களில் நிறைய அவர்களே அழித்தார்கள், சரியான பதிவு வைக்கவில்லை. ஏறத்தாழ 1,000 டன் ரசாயனத்துக்குக் கணக்கு இல்லை என்று வந்தது. "கணக்கு இல்லை என்பதாலேயே அது இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது, இல்லை என்றும் சொல்லிவிட முடியாது" என்ற பொருளில் 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் பேசினார், இராக்கில் ஆயுதம் தேடிய ஐ.நா. ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ். அதற்குச் சில நாள் முன்னால் அதே சபையில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமி இவ்வளவு இருந்தாலே ஆபத்து என்று ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டியிருந்தார். உலகத்துக்கு அந்தக் குப்பிதான் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 7-ம் தேதி பிளிக்ஸ், ஆய்வை முடிக்க இன்னும் சில மாதம் போதும் என்றார். மார்ச் 20-ல் படை இறங்கியது. அடுத்த வருஷம் அமெரிக்கா அனுப்பிய குழுவே சேமிப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அதற்குள் எத்தனை வீட்டில் இழவு!

அணுகுண்டு யார் கையிலும் இருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து, நம் நாட்டையும் சேர்த்தே. ஆனால் சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க வேண்டும், தோண்ட வேண்டும், எண்ண வேண்டும். இராக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் தம்பி. 1991-ல் குண்டுகளை அழித்த பள்ளத்தை, போருக்குச் சில வாரம் முன்னால் தோண்டி, கிடைத்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அப்பா அந்த அதிகாரியைக் கிணற்றுக்குள் கூட்டிப்போனார். பாறையில் குழி போட்ட தடம் அப்படியே இருந்தது. அதிகாரி ஏணியில் நின்று ஒவ்வொன்றாகக் கை வைத்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். நான்கு தோட்டாவும் கணக்கில் வந்தது.