பேர் ஒண்டும் போடேல்லையே

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நண்பர் ஒருவரோடு குரலை உயர்த்திக் கதைத்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டியூன் என்ற விஞ்ஞானப் புனைகதைப் படத்தின் இரண்டாம் பாகம்தான் விஷயம். பால் என்பவன் அதன் நாயகன், சானி அவன் காதலி. "நாவலில சானி பாலை விட்டிட்டுப் போகவே மாட்டாள். இவங்கள் போக வச்சிட்டாங்கள். புத்தகத்தை வாசிக்காதவன் எடுத்த படம்" என்றார் அவர். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. ஆறுதலாக எழுதினால் சரியாகச் சொல்லலாம் என்றுதான் இங்கே வந்தேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் டியூனை 1965இல் எழுதி வெளியிட்டார். ஒருவனை மீட்பர் என்று ஒரு சனமே தலையில் தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் அந்த நாவலின் அடியில் ஓடுவது. ஆனால் ஏராளமான வாசகர்கள் அந்த மீட்பரான பால் என்பவனை வீரனாகவே கொண்டாடினார்கள். அந்த வீரத்துக்காகச் செத்தவர்களின் கணக்கை ஹெர்பர்ட் 1969இல் வந்த அடுத்த நாவலில் வெளிப்படையாகவே எழுத வேண்டி வந்தது. 2024 படத்தில் இயக்குநர் டெனி வில்நெவ் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் சானியின் முகத்தில் வைத்தார். எல்லாரும் பாலுக்கு முன் முழங்காலில் விழும்போது அவள் மட்டும் நிற்கிறாள். பிறகு தனியே மணலுக்குள் போய், ஏறிப் போகிற ராட்சத மணற்புழுவுக்காகக் காத்து நிற்கிறாள். படம் அவள் முகத்தோடு முடிகிறது. நாவலில் இப்படி ஒரு முடிவு இல்லைத்தான். ஆனால் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடும்போது எனக்குள் இருந்த கலக்கம், திரையரங்கில் அந்த முகத்தைப் பார்த்தபோது அப்படியே திரும்பி வந்தது.

இதற்கு நேர்மாறானது 1984இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படம். பாத்திரங்கள் மனசுக்குள் நினைப்பதைக்கூட, நாவலில் உள்ளதுபோல, முணுமுணுப்பாகக் கேட்க வைத்தார். எவ்வளவோ விசுவாசமாக இருக்கப் பார்த்த படம். ஆனால் கடைசியில் பால் அந்தப் பாலைவனத்தில் மழையைக் கொண்டுவருகிறான். தண்ணீர் மணற்புழுக்களுக்கு நஞ்சு என்று நாவல் சொல்கிறது. அதைவிடப் பெரிய பிழை, யாரைப் பார்த்து நாங்கள் பயப்பட வேண்டுமோ அவனை அந்த மழை கடவுளாகவே ஆக்கிவிட்டது. (லிஞ்சை நான் மதிக்கிறேன். அந்தப் படத்தின் இறுதிப் படத்தொகுப்பு அவர் கையில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.)

ஆகவே, நாவலில் உள்ள ஆட்கள், சம்பவங்கள் எல்லாம் படத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நாவல் எந்த இடத்தில் நோகிறது, அந்த இடத்தில் படம் கை வைத்ததா, அதற்குச் சினிமாவால் மட்டுமே முடிகிற ஒரு வழியைக் கண்டுபிடித்ததா என்றுதான் பார்க்கிறேன்.

கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இந்தத் தீவில் வாழ்ந்து, 2008இல் இங்கேயே கண்ணை மூடியவர். பொரளை கனத்தையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். 2001: ஏ ஸ்பேஸ் ஒடிசியின் திரைக்கதையும் நாவலும் அவரும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் கூடி வேலை செய்ததில் ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1968இல் படம் முதலில் வந்தது, நாவல் அதற்குப் பிறகு வந்தது. இதில் எது மூலம், எது தழுவல்? நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது. சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்ட முடியாமல் போனதால் படத்தில் வியாழனோடு நிற்கிறது. 1982இல் அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க் தன்னுடைய சனியைக் கைவிட்டு, படத்தின் வியாழனிலிருந்தே தொடங்கினார். எழுதியவருக்கு இல்லாத வீம்பு வாசகர்களான எங்களுக்கு எதற்கு என்று நான் கேட்பது இதனால்தான்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. ஹால் என்ற கணினியில் சந்தேகம் வந்து, இரண்டு விண்வெளி வீரர்கள் ஒரு சிறு கலத்துக்குள் ஏறி, கதவைச் சாத்தி, அதற்குக் கேட்காது என்று உறுதி செய்துகொண்டு கதைக்கிறார்கள். வட்டக் கண்ணாடிக்கு வெளியே ஹாலின் சிவப்புக் கண். திடீரென்று சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. அசைகிற வாய் ஒன்று. பிறகு மற்றவரின் வாய். திரும்ப முதலாவது. ஹால் உதட்டை வாசிக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. நாங்களே கண்டுபிடிக்கிறோம், கண்டுபிடித்த அதே நொடியில் பயப்படுகிறோம். இந்தக் காட்சி நாவலில் இல்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை தமிழில் வாய் திறக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை நான். முதன்முதலில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் கை தானாகவே வாய்க்குப் போய்விட்டது.

கிளார்க்கின் இன்னொரு நாவல் 1979இல் வந்த த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிற கதை. அது பூமத்திய ரேகையில்தான் நிற்க வேண்டும் என்பதால், எங்கள் தீவையே தப்ரபேன் என்ற பெயரில் தெற்கே நகர்த்தி வைத்துவிட்டார். சிவனொளிபாதமலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். நாவல் அதைக் கேட்டது, அவர் செய்தார். ஒரு நாட்டையே நகர்த்த எழுத்தாளருக்கு உரிமை உண்டென்றால், ஒரு பாத்திரத்தை நகர்த்த இயக்குநருக்கும் கொஞ்சம் உரிமை இருக்கத்தானே வேண்டும். சிகிரியாவும் மலையும் வருகிற அந்தக் கதையை ஒருநாள் நல்ல திரையரங்கு ஒன்றில் இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் பேராசை.

இந்த அளவுகோலுக்கு எதிராகப் பேசக்கூடிய படம் தர்க்கோவ்ஸ்கியின் சொலாரிஸ் (1972). நாவலை எழுதிய ஸ்தனிஸ்லாவ் லெம் அந்தப் படத்தோடு சமாதானமாகவே இல்லை. மனிதனால் விளங்கிக்கொள்ளவே முடியாத ஒரு சமுத்திரத்தைப் பற்றி அவர் எழுதினார், தர்க்கோவ்ஸ்கியோ மனச்சாட்சியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் படம் எடுத்தார். லெம்மின் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் காற்றுத் துவாரத்தில் கடதாசிக் கீலங்களை ஒட்டி வைக்கிறார்கள். இரவில் இலை அசைகிற சத்தம் கேட்பதற்காக. எங்கள் தொடர்மாடி வீட்டில் மின்விசிறிக் காற்றுக்கு நாட்காட்டித் தாள் சரசரக்கும்போதெல்லாம், "பனையோலை மாதிரி இல்லையோ?" என்று அம்மா கேட்பார். அவர் சொலாரிஸ் பார்த்ததில்லை.

அம்மாவோடு நான் பார்த்தது ஃபாரன்ஹைட் 451. ரே பிராட்பரி 1953இல் எழுதிய நாவலை பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோ 1966இல் படமாக்கினார். புத்தகம் வைத்திருப்பது குற்றம், தீயணைப்புக்காரர்களின் வேலை புத்தகங்களை எரிப்பது. அந்தக் காலத்துக் கதை. நண்பரின் கணக்குப்படி பார்த்தால் இதுவும் தோற்ற படம். நாவலில் ஆளைத் துரத்துகிற இயந்திர நாய் படத்தில் இல்லை. ஃபேபர் என்ற பேராசிரியர் இல்லை. கடைசியில் நகரத்தை அழிக்கிற யுத்தமும் இல்லை. நாவலில் பாதியில் காணாமல் போகிற கிளாரிஸ் என்ற பெண் படத்தில் கடைசிவரை இருக்கிறாள்.

படம் தொடங்கியது. வீட்டுக் கூரைகள், கூரைகளில் தொலைக்காட்சி அன்ரனாக்கள், ஒவ்வொன்றாகக் கிட்ட வருகின்றன. ஒரு குரல் ஏதோ வாசிக்கிறது. அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "பேர் ஒண்டும் போடேல்லையே, படம் துவங்கீட்டுதோ?" என்று கேட்டார். எழுத்தோட்டத்தை ஒரு பெயர் விடாமல் வாசிக்கிற ஆள் அவர். அப்போதுதான் எனக்கே விளங்கியது. வாசிப்பு ஒழிக்கப்பட்ட உலகத்தில் பெயரை எப்படி எழுத்தில் போடுவது? த்ருஃபோ எல்லாப் பெயர்களையும் வாயால் சொல்ல வைத்திருக்கிறார். புத்தகத்தால் இதைச் செய்யவே முடியாது. எழுத்து இல்லாத உலகத்தைச் சொல்வதற்கும் புத்தகத்துக்கு எழுத்துத்தான் வேண்டும். நான் சப்டைட்டிலை நிறுத்திவிட்டேன். அந்த உலகத்தின்மேல் எழுத்தை ஒட்டிக் காட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிச் சொல்லி வந்தேன்.

கதையின் நாயகனான தீயணைப்புக்காரன் மொன்டாக் முதல் தடவை ஒரு நாவலைத் திறந்து, விரலை வைத்துச் சொல் சொல்லாக வாசிக்கிற இடத்தில் அம்மா சிரித்தார். "பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி." பிறகு எரிக்கிற காட்சிகள் வந்தன. கமெரா நெருப்பைத் தூரத்தில் நின்று பார்ப்பதில்லை. ஒரு தாள் சுருள்கிறது, அதன்மேல் எழுத்து இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது, பிறகு இல்லை. தன் புத்தகங்களை விட்டு வெளியேற மறுத்த கிழவி அவற்றோடேயே எரிகிறாள். "நிப்பாட்டு பிள்ளை" என்றார் அம்மா. நிறுத்தினேன்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரியத் தொடங்கியபோது அம்மாவுக்குப் பதினாலு வயது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள். தூய பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தமிழறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியிலேயே இறந்துபோனதை எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை கதைத்திருக்கிறார்கள். ஆனால் அம்மா அன்று சொன்னதை நான் முன்பு கேட்டதில்லை. நூலகத்திலிருந்து இரவல் எடுத்த புத்தகம் ஒன்று அந்த இரவு அவரிடம் வீட்டில் இருந்திருக்கிறது. யூன் மாதத்துத் திகதி குத்திய தாள் அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்ததாம். கொண்டுபோய்க் குடுக்க இடமில்லை. "கள்ளி மாதிரி இருந்துது எனக்கு" என்றார். 1995 இடப்பெயர்வில் அதுவும் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே "போடு" என்றார். கடைசியில், காட்டுக்குள் ஆளுக்கொரு புத்தகத்தை மனனம் செய்து வைத்திருக்கிறவர்கள் வருகிறார்கள். சாகக் கிடக்கும் கிழவர் தன்னிடமுள்ள நாவலைச் சிறுவன் ஒருவனுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுக்கிறார். பிறகு பனி கொட்டுகிறது, சிறுவன் தனியே ஒப்புவிக்கிறான். "தேவாரம் பாடமாக்கிறது மாதிரி" என்றார் அம்மா.

அந்த இரவல் புத்தகம் என்ன புத்தகம் என்று கேட்டேன். தலைப்பு நினைவில்லை, எழுதினவர் வெள்ளைக்காரன், யாரோ தமிழில் பெயர்த்தது. கடலுக்கடியில் கப்பல் ஓட்டுகிற ஒரு மனுசன், கரையில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தவன், தனக்கென்று பெரிய நூலகமே கப்பலுக்குள் வைத்திருந்தவன். எனக்குப் பெயர் தெரியும். ஜூல்ஸ் வெர்ன் 1870இல் முடித்த 'ட்வென்டி தௌசண்ட் லீக்ஸ் அண்டர் த சீ' என்ற நாவல் அது. 1954இல் வந்த படம் என் மடிக்கணினியிலேயே கிடக்கிறது.

"அது படமா வந்திருக்கு அம்மா. போடட்டே?"

"வேண்டாம் பிள்ளை. அந்தாளின்ர முகம் எனக்குத் தெரியும்."

நான் வற்புறுத்தவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கணவாய் கப்பலைச் சுற்றிப் பிடித்த இடம் வந்தபோது, அம்மாவின் இரண்டு கையும் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.