பத்து இலட்சம் ரூபாய்க் கிற்றாரும் எங்கள் ஊர்க் காற்றும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை கூடிய கிற்றார் எல்லாம் பெயருக்குக் கொடுக்கிற காசு என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. அமெரிக்காவில் செய்கிற நல்ல மார்ட்டின் கிற்றார் ஒன்றை மடியில் வைத்து, ஒரு ஜி கோர்ட்டை ஆறுதலாக அடித்துப் பார்த்தவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னமே நெஞ்சுக்கு அதிர்வு வந்துவிடும். ஆனாலும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை வாங்கலாமா என்று கேட்டால், கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதை எழுத வந்த காரணம், சொந்தத்துக்குள் மருமகன் முறையான ஒரு பெடியன். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறவன், கை நல்ல கை. அவனுடைய அண்ணன் கனடாவில். "உனக்கு விருப்பமானத வாங்கு, காச நான் தாறன்" என்று சொல்லிவிட்டாராம். இவன் போனில் மார்ட்டின் டி-28 படத்தைக் காட்டி, "மாமா, இவ்வளவு காசு குடுத்து இத வாங்கலாமா?" என்று கேட்டான். அமெரிக்காவிலேயே அதன் விலை 3000 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 9 இலட்சம் தாண்டுகிறது. வரியும் அனுப்புகிற கூலியும் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் காசு என்றாலும் காசு காசுதானே.

அந்தக் காசு எதற்குப் போகிறது என்பதில் இருந்து தொடங்குவோம். கிற்றாரின் சத்தத்தில் பெரும்பங்கு முன்பலகையுடையது. ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த இழுவையைத் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு பலகையும் அதன் அடியில் ஒட்டிய சட்டங்களும்தான். பலகை மெல்லியதாகவும் சட்டங்கள் இலேசாகவும் இருந்தால் தொட்டவுடன் பேசும். அதே அளவுக்கு, காலப்போக்கில் வயிறு தள்ளுகிற அபாயமும் கூடும். மலிவான கிற்றார் செய்கிற தொழிற்சாலை அந்த அபாயத்துக்குப் போகாது. எந்த நாட்டுக்குப் போனாலும் பழுதென்று திரும்பி வரக்கூடாது என்பதுதான் அவர்களின் கவலை. தடிப்பாக அறுத்து, கனமாகச் சட்டம் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். விலை கூடியதைச் செய்கிறவர்கள் எவ்வளவு இயந்திரம் வைத்திருந்தாலும், பலகையைத் தெரிவதிலும் சட்டத்தைச் சீவுவதிலும் கூடுதல் நேரம் செலவழிக்கிறார்கள். சட்டங்களை எக்ஸ் வடிவத்தில் ஒட்டுகிற முறையை மார்ட்டின் கொம்பனி 1840களில் கையாளத் தொடங்கியது. இன்றைக்கும் இரும்புக் கம்பிக் கிற்றார்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் போகின்றன. இன்னொரு அமெரிக்கக் கொம்பனியான டெய்லர் 2018இல் வி வடிவத்துக்கு மாறிப் பார்த்தது. இந்த வேலைக்குக் கொடுக்கிற காசு நியாயமான காசு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

மறுபேச்சு கிற்றாரின் முதுகிலும் விலாவிலும், அதாவது பின்பலகையிலும் பக்கப் பலகையிலும்தான். டி-28க்குப் போடுவது இந்திய ஈட்டி மரம். தென்னிந்திய மலைக்காட்டில் வளர்ந்து, பென்சில்வேனியாவில் இருக்கிற நாசரேத் என்ற ஊருக்குப் போய், கிற்றாராகி, பெரிய விலையோடு எங்கள் பக்கம் திரும்புகிறது. 1969 வரைக்கும் அவர்கள் போட்டது பிரேசில் ஈட்டி. அந்தக் காலத்துக் கிற்றார்களுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றும். இந்த மரக் கதைகளைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் முதுகும் விலாவும் மட்டும் மாறி, மற்றதெல்லாம் ஒரே மாதிரியான ஆறு கிற்றார்களைச் செய்வித்தார்கள். இரண்டு ஈட்டியும் அதில் இருந்தன; மஹோகனி, மேப்பிள், வோல்நட், சப்பேலி என்று மற்றவை. 52 கிற்றார் வாசிப்பவர்களை வரவழைத்து, வெல்டிங் கண்ணாடி போடவைத்து, எந்த மரம் என்று தெரியாமல் வாசித்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். 2018இல் வெளிவந்த ஆய்வு இது. விலை கூடிய மரத்துக்கென்று தனிச் சிறப்பு ஒன்றும் வரவில்லை.

ஆகவே மரத்தின் பெயரைச் சொல்லி இலட்சங்கள் ஏறுகிற இடத்தில் கையை இறுக்கிக்கொள்ளலாம். அலங்காரமும் அப்படித்தான். மார்ட்டினின் டி-45க்கும் டி-28க்கும் மரம் ஒன்றே. விளிம்பு நெடுக சிப்பி பதித்து மினுக்கிவிட்டு விலையைச் சுமார் மூன்று மடங்காக்கியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

(விரல் பலகைக்குப் போடுகிற கருங்காலி எங்கள் காட்டிலும் வளர்கிற மரம். இலங்கைக் கருங்காலிக்கு ஒரு காலத்தில் உலகச் சந்தையில் தனி மரியாதை. இங்கே இப்போது வெட்டத் தடை. டெய்லர் கொம்பனி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 2011இல் கமரூனில் கருங்காலி ஆலையையே வாங்கிவிட்டது.)

சரி, ஊருக்கு வருவோம். முழுப் பலகைக் கிற்றாருக்கு (அடுக்கடுக்காக ஒட்டாமல் மரத்தை அப்படியே அறுத்துச் செய்தது) 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்தான் தோது என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். எங்களுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரி பிடித்தால் 80 சதவீதம் சர்வசாதாரணம். கதவு இறுகும், அலுமாரிக்குள் உடுப்பு பூஞ்சணம் பிடிக்கும், உப்புப் போத்தலுக்குள் தண்ணீர் விடும். அதே வீட்டில்தான் அந்த மெல்லிய பலகையும் இருக்கப்போகிறது. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். முன்பலகையில் கம்பிகளைப் பூட்டுகிற கட்டைதான் பிரிட்ஜ்; அதற்குப் பின்னால் பலகை புடைக்கும், அதோடு கம்பி மேலே எழும். பன்னிரண்டாவது பிரெட்டில் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இரண்டரை மில்லிமீட்டராக இருந்த உயரம் மூன்று, மூன்றரை என்று போனால், ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமத்திப் பார் கோர்ட் பிடிக்கிறவன் பாடுபடுவான். சத்தமும் போர்வைக்குள்ளே இருந்து வருகிற மாதிரி மந்தமாகிவிடும்.

மறுகா கச்சான் தொடங்கினால் எல்லாம் தலைகீழ். மலையைத் தாண்டி மேற்கிலிருந்து வருகிற அந்த வெக்கைக் காற்று, மாரியில் குடித்த ஈரத்தையெல்லாம் பலகையில் இருந்து உறிஞ்சிவிடும். புடைத்தது அமரும், கம்பி தாழும், சில பிரெட்டுகளில் கம்பி பட்டு இரையும். மாரிக்கென்று தேய்த்துக் குறைத்துவிட்ட சேடில் (பிரிட்ஜின் மேலே கம்பி தாங்குகிற சின்னத் துண்டு) இப்போது அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்திருக்கும். வருடத்துக்கு இரண்டு சேடில் வைத்து மாற்றி மாற்றிப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அது ஒரு வழிதான். ஏசி அறையில் வைத்தால் தீராதா என்று கேட்பீர்கள். இரவும் பகலும் ஓடினால் தீரும். எங்கள் வீடுகளில் இரவு பத்து மணிக்குப் போட்டு விடிய நிற்பாட்டுவோம். பகலில் ஊதி, இரவில் ஒடுங்கி, நாளாந்தம் அதற்கு ஒரு மாரியும் ஒரு கச்சானும். அதைவிட ஏசியே போடாமல் பெட்டிக்குள் பூட்டி வைப்பது மேல். கடற்கரையோரத்தில் இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்று வேறு. கல்லடியில் புதுக் கம்பி எவ்வளவு கெதியாகக் கறுக்கும் என்பதை அங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள்.

ஒட்டுப் பலகைக் கிற்றார் இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பலகைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஊதவும் ஒடுங்கவும் அதற்கு இடமில்லை. சத்தம் குறைவு, ஆயுள் கெட்டி.

பழுது பார்க்கிறது இன்னொரு பாடு. இது கிற்றாருக்குப் புதிய ஊர் இல்லை. பறங்கியர் கலியாண வீடுகளில் கப்ரிஞ்ஞா வாசித்து ஆடின ஊர். கம்பி மாற்ற, பிரிட்ஜ் ஒட்ட, கீ மாற்ற ஆள் இருக்கிறது. ஆனால் மார்ட்டினின் கழுத்து, ஆப்பு மாதிரிச் செருகுகிற புறாவால் பொருத்தில் பசை போட்டு இறுக்கியது. வருடங்கள் போய்க் கழுத்தின் கோணம் சரிந்தால், நீராவி பாய்ச்சிக் கழற்றி, அடியைச் சீவி, திரும்பப் பொருத்தவேண்டும். அந்த வேலைக்கு இரவுக் கோச்சியில் கிற்றாரை அணைத்துக்கொண்டு கொழும்புக்குப் போகவேண்டியதுதான். டெய்லர் கழுத்தை போல்ட் போட்டுப் பூட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் மாதிரி ஊர்களுக்கு டெய்லர் கொஞ்சம் தோது என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னது கிற்றாரின் பாடு. வாசிக்கிறவன் எங்கே வாசிக்கிறான் என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய விஷயம். எங்கள் பெடியன் வாசிப்பது ஞாயிறு பூசையிலும் கலியாண வீட்டிலும். இரண்டிலும் கிற்றார் மைக்செட்டுக்குள்ளே போகிறது. சேடிலுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சாரமாக்கி அனுப்புகிற பைசோ பிக்கப் முன்பலகையின் சத்தத்தை எடுப்பதில்லை. கம்பி சேடிலை அமத்துகிற அழுத்தத்தைத்தான் பெரும்பாலும் எடுக்கிறது. அதற்கு மேல் ஒரு மிக்சர், அதற்கு மேல் யாரோ திருகி வைத்த ட்ரெபிள், கூரையில் தகரம், பக்கத்தில் கீபோர்ட்காரர் ஸ்ட்ரிங்ஸ் பட்டனை அமத்திக்கொண்டு நிற்பார். இந்த வழியால் போய் ஸ்பீக்கருக்குள் வெளியே வரும்போது 9 இலட்சமும் 90 ஆயிரமும் அடையாளம் தெரியாது. போதாக்குறைக்கு சாதாரண டி-28இல் பிக்கப்பே கிடையாது. தனியாக வாங்கி, அடிப்பக்கத்து ஓட்டையைப் பெரிதாக்கிப் பூட்டவேண்டும். அந்தக் கிற்றாரில் துறப்பணம் வைக்க யாருக்கு மனம் வரும்?

நான் அவனுக்குச் சொன்னது முன்பலகை மட்டும் முழுப் பலகையான ஒன்று. சொலிட் டொப் என்பார்கள். முதுகும் விலாவும் ஒட்டுப் பலகை, ஆகவே எங்கள் காற்றுக்குப் பாதியாவது தாக்குப்பிடிக்கும். யமஹா 1966இல் தொடங்கிய எஃப்ஜி வரிசையில் இப்போது வருகிற எஃப்ஜி800 இந்த வகை. அமெரிக்காவில் 200 சொச்சம் டொலர். அதற்கு மேலே கொஞ்சம் ஏறினால் பிக்கப்போடு வருகிறவையும் உண்டு. 200 டொலர் கிற்றாரில் இருந்து 700 டொலர் கிற்றாருக்குப் போனால் யாருக்கும் விளங்குகிற வித்தியாசம் இருக்கிறது. 1000த்தில் இருந்து 3000க்குப் போனால் வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனால் அமைதியான அறையில், தனியாக, விரலால் வாசிக்கிறவனுக்கு.

கடையில் சொலிட் டொப் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். நடுத் துவாரத்தின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பலகையின் ரேகை விளிம்பில் மடிந்து அப்படியே உள்ளுக்குள் இறங்கினால் அது முழுப் பலகை. இடையில் அடுக்கு தெரிந்தால் ஒட்டு. பிறகு பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிரிட்ஜ் கிளம்பத் தொடங்கிவிட்டது, வைத்துவிட்டு வாருங்கள். கம்பியை முதலாவது பிரெட்டிலும் பதினாலாவதிலும் அமத்திக்கொண்டு நடுவில் பார்த்தால் ஒரு காகிதத் தடிப்புக்கு வெளிச்சம் தெரியவேண்டும். தெரியாவிட்டாலோ அளவுக்கு மிஞ்சித் தெரிந்தாலோ கழுத்துக்குள் இருக்கிற இரும்புத் தண்டான ட்ரஸ் ரொட்டைத் திருப்பிச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள்.

வாங்கினதும் செட்டப் செய்வியுங்கள். அரைவாசிப் பேர் இதைச் செய்வதில்லை. தொழிற்சாலையில் இருந்து வருகிற கிற்றார்களில் கம்பி பெரும்பாலும் உயரம் கூட. பன்னிரண்டாவது பிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைக்கவேண்டுமென்றால் சேடிலின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும். ஒரேயடியாகத் தேய்க்காமல் போட்டுப் போட்டுப் பார்க்கவேண்டும், தேய்த்தது திரும்பி வராது. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி தாங்குகிற நட்டின் வெட்டுகளையும் சரியான ஆழத்துக்குக் கொண்டுவந்து, நல்ல கம்பி போட்டால், அதே கிற்றார் வேறு கிற்றார் ஆகிவிடும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முன் மார்ட்டின் வாங்கி வைத்திருந்தவர், ஒன்றுமே செய்யாமல் ரூபாய்க் கணக்கில் இலாபத்தில் நின்றார். பெயருள்ள கிற்றார் விலை இழப்பது குறைவு. ஆனால் அந்த விலைக்கு வாங்குகிற ஆள் மட்டக்களப்பில் கிடைப்பது கடினம், கொழும்பில்தான் தேடவேண்டும். மாரியில் வயிறு தள்ளின கிற்றாருக்கு அங்கேயும் ஆள் கிடைக்காது.

மற்றது, யாருக்கு அது தகும்? நாளாந்தம் மணிக்கணக்காக வாசிக்கிறவருக்கு; கையில் இருக்கிற கிற்றார் எந்த இடத்தில் தன்னை மறிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டக்கூடியவருக்கு; வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்கிறவருக்கு. அப்படி ஒருவர் இலட்சங்களைக் கொடுத்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவரிடம் மட்டும்தான் எனக்குக் கதை.

அண்ணன் கனடாவில் பழையது ஒன்றை வாங்கிக்கொண்டு வருவதாகவும் பேச்சு அடிபடுகிறது. அப்படியென்றால் இரண்டு விஷயம். பிரேசில் ஈட்டி என்று சொன்னால் கையே வைக்கவேண்டாம். 1992இல் இருந்து அது சர்வதேசப் பட்டியலில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மரம், பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. இந்திய ஈட்டியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 கடைசியில் விலக்குக் கிடைத்துவிட்டது. அடுத்தது, பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காய்ந்து கிடந்த கிற்றாரை மார்கழியில் இங்கே இறக்கினால் ஒரு கிழமைக்குள் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை வைத்துப் பாருங்கள். கொண்டுவருவதென்றால் கச்சான் காலத்தில் கொண்டுவரட்டும். வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் வைத்திருக்கட்டும்.

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ முழுப் பலகைக் கிற்றாரைச் சில மாரி தாண்டி ஒழுங்காக வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், பெட்டிக்குள் என்ன போட்டு வைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். சிலிக்கா ஜெல் எங்கள் ஈரத்துக்குக் காணுமா என்பதுதான் இப்போது எனக்கும் அவனுக்கும் நடக்கிற வாக்குவாதம்.