ஐயா முதலில் சொல்லிவிட்டால் வாக்கெடுப்பு எதற்கு?

ஏப்ரல் வந்தால் தமிழ் மொழி விழா. அதற்கு வெகு நாள் முன்பே சிங்கப்பூரில் நம் அமைப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். எந்த அரங்கம், எந்தத் தேதி, யாரைப் பேச அழைப்பது? செயற்குழுவில் ஒருவர் வேலை விஷயமாக லண்டனில் இருப்பார். இங்கே காலை எட்டு மணிக்குப் பேச்சு தொடங்கும்போது அங்கே நடுராத்திரி. மூத்தவர் ஒருவர் "இரண்டாவது சனிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம்" என்று போடுவார். அடுத்தடுத்து கட்டைவிரல்கள் வரும். லண்டன்காரர் கண்விழிப்பதற்குள் முடிவாகிவிடும்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு 2022இல் வந்தது. வந்தும் பெரிய மாற்றமில்லை. யார் எதற்குப் போட்டார் என்று உடனே தெரிகிறதே, ஐயாவுக்கு எதிராக யார் முதலில் கை வைப்பார்?

மென்பொருள் வடிவமைப்பு என் பிழைப்பு. தொலைவிலிருந்து கூடி முடிவெடுக்கும் கருவிகளுக்குப் புதிய வசதிகளைவிடச் சில தடுப்புகள்தான் தேவை என்பது என் கட்சி. போலிஸ் என்றொரு கருவி இருக்கிறது (காவல்துறை இல்லை!). தைவானில் 2015இல் ஊபர் பிரச்சினையை விவாதிக்க அதைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். பதில் மட்டும் எழுத முடியாது. ஆளைப் பிடித்துச் சண்டை போட வழியே இல்லை. வாக்குகளை வைத்து ஒத்த கருத்துள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்து, எதிரெதிர்க் குழுக்களும் சேர்ந்து ஏற்றவை எவை என்று காட்டும்.

உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து மென்பொருள் உருவாக்கும் அப்பாச்சி திட்டங்களில் வாக்கெடுப்பைப் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைக்கிறார்கள். எல்லா நேர மண்டலங்களிலும் இருப்பவர்கள் தூங்கி எழுந்து, யோசித்து, பதில் போட வேண்டுமே! நிரல் மாற்றத்தைத் தடுக்க நினைப்பவர் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும், சும்மா "வேண்டாம்" செல்லாது. நம் குழுக்களுக்கு இது ரொம்பவே தேவை.

லூமியோ என்பது குழுவாக முடிவெடுக்க உதவும் நியூசிலாந்துக் கருவி. அதில் 'விலகி நிற்கிறேன்' என்றும் வாக்களிக்கலாம். சும்மா இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் நம் செயற்குழுக்களில் இந்த ஒரு பொத்தான் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

ஐயாவுக்குப் பயப்படாமல் வாக்களிக்க, யார் எதற்குப் போட்டார் என்பதையும் மறைக்க வேண்டும். பெயரை மறைத்தால் பொறுப்பில்லாமல் வாக்களிப்பார்களே என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். கெடு முடியும்வரை மட்டும் மறைத்துவிட்டு, அப்புறம் பெயரோடு காட்டட்டும். மதியம் பிரியாணியா சைவச் சாப்பாடா என்பதற்கெல்லாம் இவ்வளவு வேண்டாம், கட்டைவிரலே போதும்.

பணம், தேதி, பதவி என்று வந்தால் இப்போதைக்கு ஒரு கூகுள் படிவம் போதும். பதில்களின் தொகுப்பை மற்றவர்களுக்குக் காட்டாமல், மூன்று நாள் திறந்து வையுங்கள். ஐயாவும் அதிலேயே நிரப்பட்டும்.